தண்ணி ஊத்தாத, கொதிச்சிரும்

பத்தாம் வகுப்பில் வெப்ப உமிழ்வினை நடத்தும்போது வருடா வருடம் ஒரு பீக்கரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். முதலில் ஒன்றும் நடக்காது. கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். அப்புறம் கல் மெல்ல விரிசல் விடும், சீறும், ஆவி எழும்பும். பீக்கரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் தொட்டவன் கையை உதறுவான். அந்த உதறலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தாவின் குரல் கேட்கும்: "தண்ணி ஊத்தாதடா, கொதிச்சிரும்!"

1993, போகிக்கு முதல் நாள். எனக்கு ஒன்பது வயது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது பெயின்ட் அடித்த வீடுகள் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் சுண்ணாம்பு. சித்தப்பா முந்தின நாளே கல் சுண்ணாம்பை மண்தொட்டியில் போட்டு நீற்றிவைத்திருந்தார். தொட்டி 'கொதகொத'வென்று கொதித்ததை நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். காலையில் அது தயிர் மாதிரி ஆறிக் கிடந்தது. கொஞ்சம் நீலம் கலந்து, நுனி நைத்த பனமட்டையால் தொட்டு அடித்துக்கொண்டிருந்தார். சுவர் முடிந்து உத்தரத்துக்குப் போனபோது ஸ்டூலில் நின்று தலையை அண்ணாந்து அடித்தார். மட்டையிலிருந்து ஒரு கட்டி, சுண்டைக்காய் அளவுகூட இருக்காது, நேராக இடது கண்ணில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். நான்தான் ஓடிப்போய் அண்டாவில் செம்பை முக்கினேன். அப்போதுதான் அப்பத்தா அந்தச் சத்தம் போட்டது. முந்தின நாள் தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே தண்ணீரைக் கண்ணில் ஊற்றினால்? செம்பைக் கீழே வைத்துவிட்டேன். விளக்கெண்ணெய் வந்தது, நான்கைந்து சொட்டு விட்டார்கள். எதிர்வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவளிடம் தாய்ப்பால் வாங்கி ஒரு சங்கடை விட்டார்கள். கண்ணைத் துணியால் கட்டி, மதியம் பஸ் பிடித்து டவுனுக்குப் போனார்கள்.

அப்பத்தாவின் பயத்தில் அறிவியல் இருந்தது, அதுதான் இதில் கொடுமை. தண்ணீர் பட்டால் கொதிப்பது சுட்ட சுண்ணாம்பு. அது நீறி முடிந்துவிட்டால் பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் சூடு ஏறாது. சித்தப்பாவின் கண்ணில் விழுந்தது முந்தின நாளே கொதித்து முடித்த சுண்ணாம்பு. நீறாத தூளே விழுந்திருந்தால்கூட, உலர்ந்த தூளை முதலில் தட்டிவிட்டு, பிறகு தாராளமாகத் தண்ணீரை ஓடவிடுவதுதான் சரி. சொட்டுச் சொட்டாக விட்டால் சூடு தங்கும். ஓடுகிற தண்ணீர் சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் என் கையிலிருந்த செம்பு கீழே இறங்கியது.

நீறின சுண்ணாம்பு சூடு இல்லாமலே சுடும். அது வீரியமான காரம்: அதன் பி.எச். 12.4-க்குப் பக்கம், கண்ணீருடையது 7.4-ஐ ஒட்டி. அமிலம் கண்ணில் பட்டால் மேல்பரப்பின் புரதம் வெந்து திரைந்து, அந்தத் திரையே ஓரளவு தடுப்பாகி நின்றுவிடும் (வீரியமான அமிலம் அந்தத் திரையையும் தாண்டும், ஆகவே அமிலம் பரவாயில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்). காரம் அப்படி நிற்பதில்லை. அது செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பைச் சோப்பாக்கிவிடும். உவமைக்காகச் சொல்லவில்லை, சோப்புக் கம்பெனியில் எண்ணெயில் காஸ்டிக் சோடா போட்டுச் செய்கிற அதே வினைதான். சவ்வு கரைய, காரம் அடுத்த அடுக்குக்கு இறங்கும். அமோனியாவும் காஸ்டிக் சோடாவும் சில நிமிடங்களுக்குள் கருவிழியைக் கடந்து கண்ணுக்குள் இருக்கும் நீர்வரை போய்விடும். சுண்ணாம்பு அவ்வளவு வேகமில்லை. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. தண்ணீரில் லேசில் கரையாது. மேல் இமைக்கு அடியில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். விளக்கெண்ணெயும் துணிக்கட்டும் அந்தத் துணுக்கைப் பத்திரமாக உள்ளே வைத்துக் காப்பாற்றின.

டவுனில் டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "செவப்பே இல்லையே, வெள்ளையாத்தானே இருக்கு, பயப்படாதீங்க" என்று ஒரு களிம்பு கொடுத்தார். எல்லோருக்கும் உயிர் வந்தது. உண்மையில் அதைவிடக் கெட்ட சேதி இருந்திருக்க முடியாது. கண் சிவப்பது என்றால் இரத்தக் குழாய் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரசாயனம் பட்ட கண், கருவிழியின் ஓரத்தில் பளிங்கு மாதிரி வெள்ளையாக இருந்தால் அங்கே குழாய்கள் கருகி அடைத்துவிட்டன. கண் மருத்துவர்கள் இந்த வெள்ளையைத்தான் முதலில் தேடுவார்கள். 1965-இல் ரோப்பர்-ஹால் என்ற ஆங்கிலேய மருத்துவர் வகுத்த நான்கு நிலைக் கணக்கில், கருவிழி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதோடு இந்த வெளுப்பு எத்தனை பங்கு சுற்றியிருக்கிறது என்பதும் சேரும். 2001-இல் துவா என்பவர் அந்த ஓரத்தின் பாதிப்பைக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியாகப் பிரித்து எண்ணச் சொன்னார். எத்தனை மணி போச்சு என்பதுதான் கண்ணின் ஜாதகம்.

மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கூடப்போன அப்பா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, சலைன் பாட்டில் பாட்டிலாக ஓடவிட்டார்களாம். நடுநடுவே காரத்தைக் காட்டும் ஒரு காகிதத் துண்டைக் கீழ் இமைக்குள் தொட்டுப் பார்ப்பதும், நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றுவதும். அப்புறம் மேல் இமையை ஒரு மடிப்பு திருப்பி, அதையும் தாண்டி இன்னொரு மடிப்பு திருப்பினார்கள். அங்கே இருந்தது, வெற்றிலையில் தடவுகிற அளவு சுண்ணாம்பு, ஒரு நாள் முழுக்க. அதைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்த நர்ஸம்மா அப்பாவிடம் காட்டி, "இதைக் குழாயடியிலயே கழுவியிருந்தா நாங்க செய்ய வேண்டியது பாதிதான்" என்றாராம். அப்பா அதை வீட்டில் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் சொட்டு மருந்துகளின் காலம். வீட்டு மாடக்குழியில் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் எதற்கென்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கிருமி தொற்றாமலிருக்க ஒன்று. கண்பாப்பாவை விரித்து வலி குறைக்க ஒன்று. ஸ்டீராய்டு, அழற்சிக்கு, அதை முதல் வாரம் பத்து நாள் தாராளமாக விட்டுவிட்டு அப்புறம் குறைத்துவிட வேண்டும், ஏனென்றால் கண் தன்னைத் தானே தைத்துக்கொள்ளத் தொடங்கும் நேரத்தில் ஸ்டீராய்டு அந்தத் தையலைத் தடுத்து, கருவிழி கரைந்து ஓட்டை விழவும் வழி செய்யும். வைட்டமின் சி மாத்திரை. கொலாஜன் நெய்ய அது வேண்டும், காரம் பட்ட கண்ணுக்குள் அதன் அளவு அதலபாதாளத்துக்குப் போய்விடும். இப்போது டாக்ஸிசைக்ளினும் கொடுக்கிறார்கள். அது ஆன்டிபயாட்டிக்காக இல்லை, கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அடக்குவதற்கு. கண் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேறு மருந்து. காயம் கடுமையாக இருந்தால் முதல் சில நாளிலேயே, சிசேரியன் பிரசவத்தில் தானமாகப் பெற்று, சோதித்துப் பதப்படுத்திய பனிக்குடச் சவ்வைக் கண்மேல் போர்த்தி வைக்கிறார்கள். அது அழற்சியை அடக்கும், இமையும் விழியும் ஒட்டிப்போகாமல் காக்கும். இந்த யோசனை 1940-களிலேயே இருந்தது, நடுவில் மறந்துபோய் 1990-களில் திரும்பி வந்தது. சித்தப்பாவுக்கு அது கிடைக்கவில்லை.

மூன்று மாதத்தில் வலி போய்விட்டது, பார்வையும் போய்விட்டது. கருவிழிமேல் சிவந்த நரம்போடிய சதை ஒன்று திரைபோல் ஏறிப் படர்ந்தது. வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் தெரியும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். அந்தக் கதையை அவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு நம்பிக்கையில் இருந்தோம்: கண் தானத்தில் ஒரு கண் கிடைத்தால் மாற்றிவிடலாம். 1998-இல் ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) கருவிழி மாற்றுச் சிகிச்சையும் நடந்தது. கட்டைப் பிரித்த அன்று சித்தப்பா எங்கள் அம்மாவின் புடவை நிறத்தைச் சொன்னார். வீட்டில் கெடா வெட்டினோம். எட்டு மாதத்தில் அந்தத் தெளிவான கருவிழிமேலும் அதே சதை ஏறி மூடியது. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. "ஒடம்பு ஏத்துக்கல" என்றார்கள். யாரோ ஒருவர் செத்துக் கொடுத்த கண்ணைத் தன் உடம்பு வீணாக்கிவிட்டதாகச் சித்தப்பா ரொம்ப நாள் மருகினார்.

விடை கிடைக்கப் பதினேழு வருடமானது. 2015-இல் வேறொரு கண் மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். "இது கருவிழி. இதோட மேல்தோல் சில நாளுக்கு ஒருதரம் புதுசாகிட்டே இருக்கும். அந்தப் புதுச் செல்லெல்லாம் எங்கிருந்து வருது? நடுவுல இருந்து இல்ல, இந்த ஓரத்துல இருந்து." கருவிழியும் வெள்ளை விழியும் சேர்கிற மெல்லிய வளையத்தைப் பேனாவால் அழுத்தினார். லிம்பஸ் என்று பெயர். ஸ்டெம் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அவைதான் வெள்ளை விழிச் சதை உள்ளே வராமல் வேலியாகவும் நிற்கின்றன. சுண்ணாம்பு அந்த வளையத்தைத்தான் எரித்துவிட்டது. நடுவில் எத்தனை புதுக் கருவிழி வைத்தாலும் மேல்தோல் போட ஆளில்லை.

சித்தப்பா சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஐந்தாவதோடு நின்றவர், நெல்லு விவசாயி. "நாத்தங்கால் போச்சுங்கிறீங்க. நாத்தில்லாம வயலை உழுது உழுது போட்டா கோரைதான மொளைக்கும்" என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எம்.எஸ்.ஸி. படித்த எனக்கு அதுவரை புரியாதது அங்கே புரிந்தது.

நாற்று எங்கே கிடைக்கும்? நல்ல கண்ணிலிருந்து. இந்த வழியை 1989-இலேயே அமெரிக்காவில் கென்யனும் செங்கும் எழுதிவிட்டார்கள். ஆனால் நல்ல கண்ணின் ஓரத்தில் பெரிய துண்டாக எடுக்க வேண்டியிருந்தது; அதுவும் கெட்டால்? 1997-இல் இத்தாலியில் பெல்லெக்ரினியும் தெ லூக்காவும் மிகச் சிறிய துண்டை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் படலமாக்கிக் கண்ணில் வைத்தார்கள். 2015-இல் ஐரோப்பாவில் அது ஹோலோகிளார் என்ற பெயரில் அனுமதி பெற்ற மருந்தாகவே ஆனது. ஆனால் அதற்குத் தூய்மையான ஆய்வகம் வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஏகப்பட்ட பணம் வேண்டும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் விரேந்தர் சங்வானும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட யோசனை இந்தச் செலவையெல்லாம் ஒரே தட்டில் தள்ளிவிட்டது. செல்லை வளர்க்க ஆய்வகம் எதற்கு, கண்ணே வளர்க்கட்டும் என்பதுதான் அது. ஸ்லெட் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2016-இல் அவர்கள் 125 பேருடைய முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 76 பேருக்குக் கண்ணின் மேற்பரப்பு நிலைத்து நின்றிருந்தது. இத்தாலியர்கள் 2010-இல் 112 பேரிடம் ஆய்வகச் செல்லை வைத்துக் கண்ட வெற்றியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் ஊர் மருத்துவத்தைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் நிறைய உண்டு. இதைப் பற்றி மட்டும் நான் பெருமையடித்துக்கொள்வேன்.

சித்தப்பா சம்மதிக்க நான்கு மாதம் பிடித்தது. "இருக்கிற ஒண்ணுலயும் கத்தி வைக்கவா?" இந்தக் கேள்விக்கு எந்தச் சதவீதமும் பதிலாகாது. டாக்டரம்மா அதற்குச் சதவீதம் சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்து இரண்டு மில்லிமீட்டரைக் காட்டினார். "இவ்வளவுக்கு இவ்வளவு. பச்சரிசி மணியவிடச் சின்னது."

அந்த ஆபரேஷனின் வீடியோவைப் பிறகு எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இடது கண்ணில் இருபத்திரண்டு வருடமாகப் படர்ந்திருந்த சதையைத் தோலுரிப்பதுபோல் உரித்தெடுத்தார்கள். அந்த இடத்தில் பனிக்குடச் சவ்வை விரித்து, ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். வலது கண்ணின் மேல் ஓரத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்து, பத்துப் பன்னிரண்டு துகளாக நறுக்கி, சவ்வின்மேல் நடுவை விட்டுவிட்டு வட்டமாக ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டுப் பசை. கடைசியில் ஒரு கான்டாக்ட் லென்ஸ், மூடிபோல. பார்த்துக்கொண்டிருந்த சித்தி, "நடவு நடுறாப்ல இருக்கு" என்றாள். இரண்டு வாரத்தில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மேல்தோல் மூடிவிட்டது. சவ்வு தானாகக் கரைந்துபோனது.

வார்டில் எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது, சாக்கடை அடைப்பு எடுக்கிற திரவம் தெறித்து. நாற்றெடுக்கச் சொந்தக் கண் இல்லை. உடன்பிறந்தவரிடம் எடுக்கலாம், ஆனால் உடம்பு அதை எதிர்க்காமலிருக்க வருடக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் செயற்கைக் கருவிழி. அதில் ஒரு வகை, கேட்டால் கதை என்பீர்கள்: நோயாளியின் கோரைப் பல்லை வேரோடும் எலும்போடும் எடுத்துச் சீவி, நடுவில் துளையிட்டு, பிளாஸ்டிக் லென்ஸைப் பதித்து, கன்னத்துத் தசைக்குள் இரண்டு மூன்று மாதம் புதைத்து வைப்பார்கள். அதன்மேல் சதை வளர்ந்ததும் எடுத்துக் கண்ணில் பொருத்துவார்கள். கண்ணின் முகப்பை வாய்க்குள்ளிருந்து எடுத்த சவ்வு மூடியிருக்கும். 1960-களில் ரோமில் ஸ்ட்ராம்பெல்லி கண்டுபிடித்தது. சென்னை சங்கர நேத்ராலயாவில் 2000-களிலிருந்து செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது. அந்த மனிதர் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அழகைப் பற்றிக் கேட்கவில்லை.

சித்தப்பாவின் கண் இப்போது வெளியே பார்க்க வெள்ளையும் கறுப்புமாக, மற்றக் கண்ணைப்போல் இருக்கிறது. உள்ளே மங்கல் மிச்சம். வருகிற பஸ்ஸின் நிறம் தெரியும், போர்டு தெரியாது. இப்போது மேல்தோல் சரியாகிவிட்டதால் கருவிழி மாற்றினால் நிற்கும் என்றார்கள். "போதும்மா, அந்தக் கண்ணை வேற யாருக்காவது வைங்க" என்று சொல்லிவிட்டார். கண் அழுத்தத்துக்கு மட்டும் இன்றுவரை தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து.

என் வகுப்பில் பீக்கர் ஆறினதும் யாராவது ஒருவன் கேட்பான்: "சார், காரம் பட்டா எலுமிச்சம்பழம் புழிஞ்சா சரியாயிரும்ல, நடுநிலையாக்கல்?" கேட்கவில்லையென்றால் நானே கேட்பேன். கண் பீக்கர் இல்லை. அந்த வினையும் சூடு கிளப்பும், அமிலம் தன் பங்குக்குச் சுடும். பிறகு எல்லோரையும் குழாயடிக்கு அழைத்துப் போய் ஒருவன் தலையைச் சாய்க்க வைப்பேன். பட்ட கண் கீழ்ப்பக்கம், இல்லையென்றால் வழிகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குப் போகும். இமையை இன்னொருவர் விரித்துப் பிடிக்க வேண்டும், பட்டவரால் கண்ணைத் திறக்கவே முடியாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், எது கையில் இருக்கிறதோ அது. குறைந்தது இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. அப்புறம் ஆஸ்பத்திரி. இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று காட்ட ஒருமுறை பிள்ளைகளை நிற்க வைத்தேன். ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் வீணாகிறது என்று தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

சுண்ணாம்படிப்பது ஊரில் நின்றுவிட்டது. சுண்ணாம்பு நிற்கவில்லை. வடக்கே புகையிலையோடு விற்கும் சின்னச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அமுக்கி விளையாடி, அது வெடித்துக் கண்ணில் பீச்சி வருகிறார்கள். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கி வெடித்து எத்தனையோ பிள்ளைகளின் கண் பாழானது. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் எரிவாயு போக மிஞ்சுவது அதே நீறின சுண்ணாம்புதான். போன வருடம் விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்த என் மாணவி ஒருத்திக்குப் பால் தெறித்து, வலியே இல்லாமல் மறுநாள் பார்வை புகைமூட்டமானது. எருக்கம்பாலின் வேலை அப்படித்தான். அவளுக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

காரத்தையும் சுண்ணாம்பையும் பற்றி நான் முதலில் முழுசாகப் புரிந்துகொண்டது 2001-இல், பி.எஸ்ஸி. முதல் வருடத்தில். லீவுக்கு ஊருக்கு வந்த கையோடு களத்துமேட்டில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீறினது கொதிக்காது என்பதை, இமைக்கடியில் இருந்த துணுக்கை, அந்தச் செம்புத் தண்ணீரை. அவர் வைக்கோலைப் பிரி முறுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "சரிடா. இதை ஆத்தாகிட்ட சொல்லிராத" என்றார்.

அப்பத்தா 2009-இல் போய்ச் சேர்ந்தது. அதுவரை வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தப்பாவின் கண்ணைக் காட்டிச் சொல்லும்: "நல்லவேளை, சின்னப்பய தண்ணி ஊத்தப்போனான், நாந்தான் தடுத்தேன். ஊத்தியிருந்தா கண்ணே வெந்துபோயிருக்கும்." சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஆமாத்தா" என்பார்.